பன்னிரண்டு முட்டையும் ஒரு ஜீனர் டயோடும்

டிஸ்கி: கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், நிறைய வரலாறு, நடுவுல கோழி முட்டை. சர்க்யூட்னாலே அலர்ஜின்னு சொல்றவங்களும் தைரியமா உள்ள வரலாம். ஒரே ஒரு கழித்தல் கணக்கும் ஒரு வகுத்தல் கணக்கும்தான் இருக்கு.

ஆணி கொஞ்சம் அதிகமா இருந்ததால ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. போன வாரம் ஆபீஸ்ல ஒரு கோட் ரிவ்யூ. புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் ஒரு கன்ட்ரோல் லூப் எழுதியிருந்தான். வெளிய போற எண் 100ஐத் தாண்டக் கூடாதுன்னு கடைசி வரியில அழகா ஒரு வரம்பு போட்டிருந்தான். ஆனா உள்ள கூட்டிக்கிட்டே போற வேரியபிளுக்கு வரம்பே இல்ல. அது பாட்டுக்கு லட்சத்துக்கு ஏறிக்கிட்டு இருந்தது.

"தம்பி, வரம்பை எங்க போட்டிருக்க?"ன்னு கேட்டேன். கேட்ட அடுத்த நொடி எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அது என் கேள்வி இல்ல. எங்க மாமா என்கிட்ட கேட்டது. கொசுவத்தியைச் சுத்திடறேன்...

முட்டைக் கதை

இன்ஜினியரிங் கடைசி வருஷம். நானும் ரெண்டு நண்பர்களும் ப்ராஜெக்டுக்கு முட்டை பொரிக்கிற இன்குபேட்டர் பண்ணினோம். தெர்மோகோல் பெட்டி, உள்ள ரெண்டு பல்ப், ஒரு சின்ன ஃபேன், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின எல்எம்35 சென்சார், நாலஞ்சு 741. வெப்பநிலை 37.5 டிகிரியில நிக்கணும். ஒரு ஆப்-ஆம்ப் "இன்னும் எவ்வளவு குறையுது"ன்னு பாக்கும். இன்னொண்ணு அந்தக் குறையை நேரத்தோட கூட்டிக் கூட்டி வெச்சுக்கும். அதுதான் இன்டக்ரேட்டர். அதோட அவுட்புட் பல்போட வெளிச்சத்தை ஏத்தி இறக்கும். ஆப்-ஆம்ப்புக்கு சப்ளை கூட்டல் கழித்தல் 12 வோல்ட், பல்பை ஓட்டற சர்க்யூட்டுக்கு 5 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. அதனால அவுட்புட்ல ஒரு ரெசிஸ்டர், அதுக்கப்புறம் தரைக்கு ஒரு 5.1 வோல்ட் ஜீனர். புக்ல இருக்கற மாதிரியே.

முட்டை பன்னிரண்டும் அமுச்சி குடுத்தது. நாட்டுக்கோழி முட்டை. அஞ்சாவது நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா, ஒன்பது முட்டையில சிவப்பு நரம்பு வலை மாதிரி ஓடுது, நடுவுல ஒரு புள்ளி துடிக்குது. மூணு பேரும் வாயடைச்சு நின்னோம்.

ஆறாவது நாள் மதியம் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட். கன்ட்ரோல் சர்க்யூட் பேட்டரியில ஓடுச்சு, பல்புக்குத்தான் கரண்ட் இல்ல. பெட்டி 31 டிகிரிக்கு இறங்கிடுச்சு. கரண்ட் வந்து பல்ப் பளீர்னு எரிஞ்சதும், "அப்பாடா"ன்னு டீ குடிக்கப் போயிட்டோம். திரும்பி வந்து பாத்தப்ப 43. பல்ப் அப்பவும் முழு வெளிச்சத்துல எரியுது. அன்னைக்கு ராத்திரி டார்ச் அடிச்சப்ப எந்தப் புள்ளியும் துடிக்கல.

லீவுக்கு ஊருக்குப் போனப்ப மாமாகிட்ட போர்டைக் காட்டினேன். பவானியில முப்பது வருஷமா ஸ்டெபிலைசரும் யூபிஎஸ்ஸும் ரிப்பேர் பண்றவர், டிகிரி எல்லாம் கிடையாது. ஒரு நிமிஷம் பாத்துட்டு, "மாப்ள, ஜீனரை எங்க போட்டிருக்க?"ன்னார்.

"அவுட்புட்ல மாமா."

"ஏரி நிறையுது. நீ ஊருக்குள்ள போற வாய்க்கால்ல பலகை வெச்சு அடைச்சிருக்க. ஊரு நனையாது, சரி. ஏரி ஏறிட்டே இருக்கறதை யாரு பாக்கறது? கலிங்கு ஏரியிலதான இருக்கோணும்?"

அந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி எவ்வளவு பெரிய வரலாறு இருக்குன்னு அன்னைக்குத் தெரியாது. அப்புறம் தேடித் தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதறேன்.

வோல்டேஜே எண்ணா மாறின கதை

ஆப்-ஆம்ப்னா என்ன? ஒரு லட்சம் மடங்கு பெருக்கற ஒரு முரட்டு ஆம்ப்ளிஃபையர். அப்படியே விட்டா ஒண்ணுக்கும் உதவாது. அவுட்புட்ல கொஞ்சத்தை எடுத்துத் திருப்பி இன்புட்டுக்கே எதிர்ப்பா குடுத்தா, அதான் நெகட்டிவ் ஃபீட்பேக், நாம சொன்னபடி நடக்கும். இந்த யோசனை பெல் லேப்ஸ் இன்ஜினியர் ஹரால்ட் பிளாக்குக்கு 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி வேலைக்குப் போற வழியில, ஹட்சன் ஆத்தைக் கடக்கற படகுல உதிச்சது. கையில வேற பேப்பர் இல்லாததால அன்னைக்கு நியூயார்க் டைம்ஸ் பக்கத்துலயே வரைஞ்சு வெச்சார்.

1940ல அதே பெல் லேப்ஸ்ல டேவிட் பார்க்கின்சன்னு ஒரு இளைஞர். காகிதத்துல கோடு வரையற ரெக்கார்டர் ஒண்ணுல வேலை பாத்துக்கிட்டு இருந்தார். ஐரோப்பாவுல போர் நடக்குது. ஒரு ராத்திரி அவருக்கு ஒரு கனவு. விமான எதிர்ப்புப் பீரங்கி ஒண்ணு சுடுது, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு விமானம் விழுது. கிட்டப் போய்ப் பாத்தா, பீரங்கியில அவரோட ரெக்கார்டர்ல இருக்கற அதே பொட்டென்ஷியோமீட்டர்! காலையில எழுந்ததும், பேனாவைத் திருப்பற சர்க்யூட்டாலே பீரங்கியையும் திருப்பலாமேன்னு தோணிடுச்சு. மேலாளர் கிளாரன்ஸ் லவலும் அவரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் எம்-9 கன் டைரக்டர். விமானத்தோட தூரம், வேகம், உயரம் எல்லாமே அதுக்குள்ள வோல்டேஜ். கூட்டல், கழித்தல் எல்லாம் பண்றது வேக்குவம் டியூப் ஆம்ப்ளிஃபையர்கள். இந்த மாதிரி கூட்டற ஆம்ப்ளிஃபையருக்குக் கார்ல் ஸ்வார்ட்செல் 1941ல பேடன்டுக்கு விண்ணப்பிச்சார், 1946ல கிடைச்சது. 1944 கோடையில இங்கிலாந்துக் கடற்கரையில ஜெர்மனியோட வி-1 பறக்கும் குண்டுகளை வீழ்த்தினதுல, ரேடாரோடயும் ப்ராக்சிமிட்டி ஃப்யூஸோடயும் சேர்ந்து எம்-9க்கும் பெரிய பங்கு உண்டு.

"ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபையர்"ங்கற பேரை அச்சுல கொண்டு வந்தது ஜான் ரகசினியும் கூட இருந்தவங்களும் 1947ல எழுதின கட்டுரை. கணித ஆப்பரேஷன் பண்றதால அந்தப் பேர். 1950களோட ஆரம்பத்துல ஜார்ஜ் ஃபில்பிரிக் கம்பெனி கே2-டபிள்யூன்னு ஒண்ணை விக்க ஆரம்பிச்சது. ரெண்டு 12ஏஎக்ஸ்7 டியூப், கூட்டல் கழித்தல் 300 வோல்ட் சப்ளை, அவுட்புட் கூட்டல் கழித்தல் 50 வோல்ட். சாக்கெட்ல சொருகினா வேலை செய்யும். ஆப்-ஆம்ப் கடையில வாங்கற பொருளா மாறினது இப்படித்தான்.

நிஜத்துக்கு ஓரம் உண்டு

இப்ப மேட்டருக்கு வருவோம். இந்த ஆப்-ஆம்ப்களைக் கோத்துதான் அனலாக் கம்ப்யூட்டர் பண்ணினாங்க. விமானம் எப்படித் திரும்பும், ஆலையில வெப்பம் எப்படி ஏறும்னு சமன்பாட்டை ஒயரால கட்டி ஓட்டிப் பாக்கறது. ஆனா சமன்பாட்டுக்கு இல்லாத ஒண்ணு நிஜ உலகத்துக்கு உண்டு. ஓரம். விமானத்தோட சுக்கான் ஒரு கோணத்துக்கு மேல திரும்பாது. வால்வு முழுசா திறந்துட்டா அதுக்கு மேல திறக்க எதுவும் இல்ல. துள்ளற பந்து தரையைத் தாண்டிக் கீழ போகாது.

அதனால சில வோல்டேஜ்கள் "இதுக்கு மேல போகாதே"ன்னு நிக்கணும். வேக்குவம் டியூப் காலத்துல டயோடோட ஒரு பேட்டரியோ பொட்டென்ஷியோமீட்டரோ சேர்த்து இதைப் பண்ணினாங்க. வோல்டேஜ் அந்த அளவைத் தாண்டினா டயோடு திறந்து மிச்சத்தை வடிச்சிடும். வேலை செய்யும், ஆனா ஒவ்வொரு வரம்புக்கும் தனியா ஒரு வோல்டேஜ் வேணும். அந்த வோல்டேஜையே தனக்குள்ள வெச்சிருக்கற ஒரு டயோடு இருந்தா? இருந்தது. ஆனா அது வந்தது யாரும் எதிர்பாக்காத திசையில இருந்து.

தன் பேரில் தப்பாகப் பேர் வாங்கியவர்

கிளாரன்ஸ் ஜீனர் 1905ல இண்டியானாபொலிஸ்ல பிறந்த இயற்பியலாளர். 1934ல, இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருந்தப்ப, ராயல் சொசைட்டி இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். டயோடு பத்தி இல்ல. ஒரு இன்சுலேட்டர் மேல வோல்டேஜை ஏத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துல அது ஏன் உடைஞ்சு மின்சாரத்தை விட்டுடுதுங்கறதுதான் கேள்வி. மின்புலம் போதுமான அளவு பலமா இருந்தா, கட்டுண்டு கிடக்கற எலக்ட்ரான் சுவரைத் தாண்டாம, குவாண்டம் விதிப்படி சுவருக்கு ஊடாவே அந்தப் பக்கம் போயிடும்னு காட்டினார். அவருக்கு அது "உடையறது எப்படி"ங்கற கேள்வி. உடைவை வெச்சு ஒரு பொருள் பண்ணலாம்னு அதுல இல்ல.

அப்புறம் அவர் வேற பக்கம் போயிட்டார். போர்க்காலத்துல வாட்டர்டவுன் ஆயுதசாலையில எஃகு எப்படி வளையும், எப்படி முறியும்னு ஆராய்ச்சி. உலோகவியல் படிக்கறவங்களுக்கு ஜீனர்னா டயோடு ஞாபகம் வராது, ஜீனர்-ஹோலமன் பாராமீட்டர்தான் ஞாபகம் வரும்.

பெல் லேப்ஸ்ல பி-என் ஜங்ஷன்களை ரிவர்ஸ்ல ஏத்திப் பாத்தவங்க, ஒரு வோல்டேஜ் வரைக்கும் கரண்ட்டே இல்ல, அதைத் தொட்டதும் சடார்னு பாயுதுன்னு கவனிச்சாங்க. ஷாக்லியும் கூட்டாளிகளும் 1951ல எழுதினப்ப இதை ஜீனர் கரண்ட்னே குறிப்பிட்டாங்க. பேர் ஒட்டிக்கிச்சு. ஆனா 1954ல அதே பெல் லேப்ஸ்ல கே.ஜி.மெக்கே சிலிக்கான்ல நடக்கறது வேறன்னு காட்டினார். ஒரு எலக்ட்ரான் வேகமெடுத்து அணுவை இடிக்கும், அதுல இருந்து இன்னொரு எலக்ட்ரான் கிளம்பும், ரெண்டும் போய் இடிக்கும். திருவிழாக் கூட்டத்துல ஒருத்தர் தள்ள, அவர் ரெண்டு பேரைத் தள்ள, கடைசியில கூட்டமே சாயற மாதிரி. இதுக்கு அவலாஞ்ச்னு பேர்.

இன்னைக்குத் தெரிஞ்ச கணக்கு இதுதான். சிலிக்கான்ல சுமார் 5 வோல்ட்டுக்குக் கீழ ஜீனர் சொன்ன வழி, 6 வோல்ட்டுக்கு மேல அவலாஞ்ச், நடுவுல ரெண்டும் கலந்து. அப்ப கடையில விக்கற 12 வோல்ட் ஜீனர் ஜீனரே இல்ல :-) ஆனா இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. சூடு ஏறினா முதல் வகையில வோல்டேஜ் குறையும், ரெண்டாவது வகையில கூடும். 5.6 வோல்ட் பக்கத்துல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரி பண்ணிக்கும். வெப்பத்துக்கு அசையாத அளவுகோல் வேணும்னா இன்ஜினியர்கள் அந்த வட்டாரத்தைச் சுத்தி வர்றது இதனாலதான்.

நாம கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. உடையறதுன்னா சேதம்னுதான் அதுவரைக்கும் அர்த்தம். இந்த டயோடு தினமும் லட்சம் தடவை "உடையும்", கரண்ட்டை ஒரு அளவுக்குள்ள வெச்சா ஒண்ணும் ஆகாது. எங்க உடையணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணி, 5.1, 6.2, 9.1னு பட்டியல் போட்டு விக்க முடிஞ்சது. மாமா பாஷையில சொன்னா, எந்த மட்டத்துல வேணும்னாலும் கலிங்கு கட்டிக்கலாம்.

சிப் வந்தது, வீக்னஸும் வந்தது

1964ல ஃபேர்சைல்ட்ல பாப் விட்லர் 702ன்னு ஒரு ஆப்-ஆம்ப்பை ஒரே சிலிக்கான் துண்டுல பண்ணினார். 1965ல 709. குடிக்கும் குறும்புக்கும் பேர் போன ஆள். பின்னாளில் நேஷனல் செமிகண்டக்டர்ல இருந்தப்ப, புல்வெளியைச் சரியா வெட்டலைன்னு 1970ல ஒரு செம்மறி ஆட்டைக் கூட்டிக்கிட்டு வந்து மேய விட்டவர். ஆனா 709 உலகத்தையே மாத்தின சிப்.

அந்த 709 ஒரு தொட்டாச்சிணுங்கி. அவுட்புட் ஷார்ட் ஆனா பாதுகாப்பு கிடையாது. இன்புட் அளவைத் தாண்டினா லாட்ச்-அப் ஆகி அப்படியே மாட்டிக்கும். அதனால சர்க்யூட் போடறவங்க வெளிய டயோடு, ரெசிஸ்டர், ஜீனர்னு காவல் வைக்க வேண்டியிருந்தது. 1968ல டேவ் ஃபுல்லகர் பண்ணின 741ல ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் 30 பிகோஃபேரட் கெப்பாசிட்டரும் உள்ளயே வந்துடுச்சு. நம்ம எல்.ஐ.சி லேப்ல மூணு தலைமுறையா அதையே கட்டிக்கிட்டு அழறதுக்கு அந்த முரட்டு உடம்புதான் காரணம்.

அதே காலத்துல இன்னொரு தேவையும் வந்தது. ஆப்-ஆம்ப் 15 வோல்ட் உலகத்துல வாழுது. 1960களின் நடுவுல வந்த டிடிஎல் லாஜிக் சிப்களுக்கு 5 வோல்ட்தான். ரெண்டு பேரும் பேசிக்கணும்னா நடுவுல ஒரு வரம்பு வேணும். இப்படித்தான் ஜீனர் ஆப்-ஆம்ப்புக்கு நிரந்தரப் பக்கத்து வீட்டுக்காரர் ஆச்சு.

வாய்க்காலா, ஏரியா?

ஜீனரை ரெண்டு இடத்துல வைக்கலாம்.

முதல் இடம், நாங்க வெச்ச மாதிரி, அவுட்புட்டுக்கு வெளிய. ரெசிஸ்டர் மிச்ச வோல்டேஜைத் தாங்கிக்கும், ஜீனர் 5.1க்கு மேல விடாது. அடுத்து இருக்கறவங்களுக்குப் பாதுகாப்பு. ஆனா ஆப்-ஆம்ப்புக்கு இந்தச் செய்தியே தெரியாது. அது தன் பாட்டுக்கு 11 வோல்ட் வரைக்கும் போய் முட்டிக்கிட்டு நிக்கும். முட்டிட்டா ஃபீட்பேக் செத்துடும். ரெண்டு இன்புட்டையும் சமமா வெச்சிருந்த அந்தக் கட்டுப்பாடு போயிடும். திரும்பி வரவும் நேரமாகும்.

ரெண்டாவது இடம், அவுட்புட்டுக்கும் நெகட்டிவ் இன்புட்டுக்கும் நடுவுல, ஃபீட்பேக் பாதையிலயே. ரெண்டு ஜீனரை எதிரெதிரா முதுகு ஒட்டி வைக்கணும். அவுட்புட் எந்தத் திசையில ஏறினாலும் ஒண்ணு உடையும், இன்னொண்ணு சாதா டயோடு மாதிரி 0.6 வோல்ட் எடுத்துக்கும். ஆக 5.1ம் 0.6ம் சேர்ந்து 5.7ல வரம்பு. இங்க நடக்கறதுதான் அழகு. ஜீனர் திறந்ததும் ஃபீட்பேக் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்டக் காணாமப் போயிடும், பெருக்கல் கிட்டத்தட்ட பூஜ்யமாகும். யாரும் யாரையும் பிடிச்சு நிறுத்தல. ஆப்-ஆம்ப்பே இதுக்கு மேல போக வேண்டாம்னு நிக்கும். கட்டுப்பாடு சாகல. இன்புட் திரும்பின உடனே அவுட்புட்டும் திரும்பும்.

வேகத்துலயும் லாபம். 741 ஒரு மைக்ரோசெகண்டுக்கு அரை வோல்ட்தான் நகரும். கழித்தல் 14ல இருந்து கூட்டல் 14க்குப் போக 28 வோல்ட், அதாவது 56 மைக்ரோசெகண்ட். வரம்பு 5.7னு வெச்சா 11.4 வோல்ட்தான், 23 மைக்ரோசெகண்ட்ல முடிஞ்சது. முட்டிக்கிட்டு நின்னதுல இருந்து மீள்ற நேரம் தனியா மிச்சம்.

இன்டக்ரேட்டர்ல இது வேகப் பிரச்சினை மட்டும் இல்ல. வெளிய ஜீனர் வெச்சா, உள்ள கெப்பாசிட்டர் நிறைஞ்சுக்கிட்டே இருக்கும். எங்க பெட்டியில ரெண்டு மணி நேரமும் அது "குளிருது, குளிருது"ன்னு கூட்டிக் கூட்டி 11 வோல்ட் வரைக்கும் ஏத்தி வெச்சிருந்தது. கரண்ட் வந்து 37.5ஐத் தாண்டின பிறகும், அந்த 11 மெதுவா 5க்கு இறங்கற வரைக்கும் பல்ப் முழுசா எரியும். பல்புக்குப் போற வோல்டேஜ் ஒரு நொடி கூட 5.1ஐத் தாண்டல. வரம்பு சரியா வேலை செஞ்சுது. முட்டைதான் செத்துப் போச்சு. கன்ட்ரோல் இன்ஜினியர்கள் இதை வைண்டப்னு சொல்லுவாங்க. கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ஜீனரைப் போட்டு அடக்கறது அனலாக் காலத்து வைத்தியம்.

குறையே இல்லையான்னா, இருக்கு. மூணு நாலு வோல்ட் ஜீனர்கள் சடார்னு திறக்காது, வழவழன்னு முன்னாடியே கசிய ஆரம்பிக்கும். துல்லியமான இன்டக்ரேட்டர்ல அந்தக் கசிவே தப்பான விடை குடுக்கும். ஜீனருக்குள்ள இருக்கற கெப்பாசிட்டன்ஸ் வேகமான சிக்னலை மழுங்கடிக்கும். ரெண்டு ஜீனரும் ஒரே மாதிரி இல்லைன்னா மேல ஒரு வரம்பு, கீழ ஒரு வரம்பு. அதுக்கு நாலு டயோடு பாலத்துக்கு நடுவுல ஒரே ஜீனரை வெச்சு, ரெண்டு திசைக்கும் அதையே காவல் நிக்க விடற உத்தியும் உண்டு.

காதால் கேக்கலாம்

இந்த ரெண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால கேக்கணுமா? எலக்ட்ரிக் கிடார் பெடல் கேளுங்க. ஜீனர் இல்ல, சாதா டயோடுகள்தான், ஆனா கேள்வி அதே. 1970கள்ல வந்த எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் ப்ளஸ்ல ஒரு 741, அதுக்கு வெளிய தரைக்கு ரெண்டு டயோடு. நம்ம முதல் இடம். ஒலி அலையோட தலையைச் சீவி எறியும். 1970களின் கடைசியில ஐபனெஸ் விட்ட டியூப் ஸ்க்ரீமர்ல டயோடுகள் ஃபீட்பேக் பாதைக்குள்ள. ரெண்டாவது இடம். அதோட சுபாவம் கொஞ்சம் மென்மை, கிடாரோட மூல ஒலியும் கூடவே கேக்கும். கிடார்க்காரங்க இதுல எது ஒசத்தின்னு இன்னமும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நான் உள்ள போகல சாமி, எனக்கு விசில் கூட அடிக்கத் தெரியாது.

பொட்டி தட்டறவங்களுக்கு

நம்ம கூட்டத்துல பாதிப் பேர் பொட்டி தட்டறவங்க. "எங்களுக்கு எதுக்குய்யா ஜீனர்"னு கேப்பீங்க. 1996 ஜூன் 4. ஏரியான் 5 ராக்கெட்டோட முதல் பயணம். கிளம்பி 40 நொடிக்குள்ள திசை மாறி உடைஞ்சு சிதறிடுச்சு. முந்தைய ஏரியான் 4ல இருந்து அப்படியே எடுத்த சாஃப்ட்வேர்ல, கிடைமட்ட வேகம் சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணா மாத்தற இடம் ஒண்ணு. புது ராக்கெட் வேகமானது, எண் 16 பிட்டுக்குள்ள அடங்கல. பிழை எழுந்தது, அதைப் பிடிக்க ஆள் இல்ல, வழிகாட்டற ரெண்டு கருவியும் அடுத்தடுத்து நின்னு போச்சு. ஆபத்துன்னு முன்கூட்டியே கண்டுபிடிச்ச ஏழு வேரியபிள்ல நாலுக்குக் காவல் போட்டிருந்தாங்க. இது மிச்ச மூணுல ஒண்ணு. பழைய ராக்கெட்ல அந்த எண் அவ்வளவு தூரம் ஏறாதுங்கற நம்பிக்கை.

நினைச்சுப் பாத்தா அனலாக் எவ்வளவோ இரக்கம் உள்ளது. வரம்பை நாம போடலைன்னாலும் சப்ளை வோல்டேஜ் போய் முட்டி நிக்கும். கோட்ல 32767க்கு அடுத்தது, இடத்தைப் பொறுத்து, கழித்தல் 32768ஆ இருக்கலாம், எக்செப்ஷனா இருக்கலாம், ஒண்ணுமே நடக்காத மாதிரி நடிக்கவும் செய்யலாம். அங்க கலிங்கும் நாமதான் கட்டணும், கரையும் நாமதான் கட்டணும். எந்த மட்டத்துல வழியணும், எந்த இடத்துல வழியணும்னு யாராவது ஒருத்தர் உக்காந்து முடிவு பண்ணியே ஆகணும். முடிவு பண்ணாம விட்டா, உலகம் அதுக்குப் பிடிச்ச இடத்துல உடைச்சுக்கும்.

மிச்சக் கதை

மாமா அன்னைக்கே ரெண்டு ஜீனரைக் கழட்டிக் குடுத்தார், ஏதோ செத்த ஸ்டெபிலைசர்ல இருந்து. முதுகு ஒட்டி, கெப்பாசிட்டருக்குக் குறுக்கே பத்த வெச்சோம். வேணும்னே ரெண்டு மணி நேரம் பல்ப் பிளக்கைப் புடுங்கிட்டு, திரும்பச் சொருகினோம். 31, 34, 36, 37... மூணு பேரும் தெர்மாமீட்டரையே பாத்துக்கிட்டு இருந்தோம். 38.1ல நின்னுது. பல்ப் தானா மங்கி, கொஞ்ச நேரத்துல 37.5.

அமுச்சிகிட்ட இன்னொரு தடவை முட்டை கேக்க எனக்கு வாய் வரல. மாமாதான் கேட்டு வாங்கிக் குடுத்தார், இந்தத் தடவை பத்து. வைவா முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ஏழு பொரிஞ்சுது. எக்ஸ்டர்னல் எக்சாமினர் பாக்கல, மார்க்கும் சுமார்தான். அமுச்சி பாத்துச்சு. "கரண்ட் பெட்டியில பொறந்த குஞ்சுக்கு வாயைப் பாரு"ன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு.

அந்தப் புதுப் பையன்கிட்ட இவ்வளவும் சொல்லல. ஏரிக் கதையை மட்டும் சொன்னேன். பத்து நிமிஷத்துல வரம்பை உள்ள எடுத்துட்டுப் போய், கூட்டற இடத்துலயே போட்டுட்டான். கமிட் மெசேஜ்ல என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "கலிங்கு கட்டியாச்சு."

உங்க அனுபவத்துல வரம்பைத் தப்பான இடத்துல போட்டுச் சூடு பட்ட கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. வயரிங்ல தப்பு கண்டுபிடிக்கற சீனியர்களுக்கும் வரவேற்பு உண்டு.

பி.கு: அந்தப் போர்டு இன்னும் மாமா கடையில ஆணியில தொங்குது. 741 இன்னும் உயிரோட இருக்கு. அதை மட்டும் யாராலயும் கொல்ல முடியல :-)